மலைக்கு ஏறிய கணக்குப் பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்மார்ட் போர்ட் இருக்கிறது. வகுப்பறையில் இல்லை. அதிபரின் அறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்துச் சுவரில், பச்சைத் துணி போர்த்தி வைத்திருக்கிறோம். வந்திறங்கிய அன்று நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து யாராவது வந்தால்தான் துணி விலகும். வருகிறவர் விரலால் ஒரு வட்டம் கீறிப் பார்ப்பார், "வெரி குட்" என்பார், தேத்தண்ணி குடிப்பார், போவார். துணி மறுபடி ஏறிவிடும். பத்தாம் ஆண்டு வகுப்புக்குக் கொண்டுபோகலாமே என்று நான் கேட்டேன். "ஒடஞ்சா யாருங்க சேர் பொறுப்பு?" என்றார் அதிபர். அடக் கடவுளே! உடையாமல் பார்த்துக்கொள்வதற்காகவா ஒரு சாமானை இத்தனை வளைவு தாண்டி மலைக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கணித ஆசிரியன். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். நானும் லயத்துக் காம்பராவில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான், வேறொரு தோட்டம். படித்து, வேலை கிடைத்து, எல்லோரையும் போல டவுனில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டேன். காலை பஸ்ஸில் வருவேன், இரண்டே கால் பஸ்ஸில் திரும்புவேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான், அதுவும் வந்தால் உண்டு.

இது ஒரு பிள்ளையின் கதை. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் அவள் எல்லாப் பாடமும் பாஸ். தமிழில் ஏ, விஞ்ஞானத்தில் பி. கணக்கில் மட்டும் ஃபெயில். எப்படிப் பாஸாவாள்? அவள் பத்தாம் ஆண்டு படித்த வருடம் முழுக்க எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆளே கிடையாது. உடற்பயிற்சி டீச்சர் வந்து பெருக்கல் வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லிவிட்டுப் போவாராம். நான் மாற்றலாகி வந்தபோது அவள் பதினோராம் ஆண்டின் பாதியில் இருந்தாள். பாதி வருடத்தில் இரண்டு வருடப் பாடத்தை நான் எங்கே கொண்டுபோய்த் திணிக்க?

கணக்கில் பாஸாகாவிட்டால் அதற்கு மேல் ஏ.எல். படிக்க முடியாது. அவளுக்கு விஞ்ஞானம் எடுத்துப் படித்து நர்ஸாகி டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. இரண்டாவது தடவை எழுதலாம், எழுதத்தான் போகிறாள். ஆனால் ஒரு தடவை எழுதி முடித்தவர்களுக்கு வகுப்பில் இடமில்லை, வீட்டிலிருந்துதான் படிக்க வேண்டும். ஹட்டனுக்கு டியூஷன் போக அந்த வீட்டில் வசதியில்லை. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் இல்லேன்னா கொழும்புக்குப் போயிரணும். புடவக் கடையில ஆள் கேக்குறாங்க."

இதை என்னிடம் வந்து சொன்னது அவளுடைய அம்மா. கொழுந்து எடுக்கிறவர். ஒருநாள் அரை நாள் லீவு போட்டு, வேலைக்குக் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் நின்றார். "சேர், எம் மவளுக்கு நீங்கதாங்க ஒரு வழி பண்ணணும்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. வழி பண்ணுகிறேன் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் ஒரே ஒரு போன்தான், அது அம்மாவுடையது. லயம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கோடு சிக்னல்கூட வராது. ஆனால் அம்மா வேலை செய்யும் ஐந்தாம் நம்பர் மலையில் வரும். எதிர்ப்பக்கத்து டவர் அங்கிருந்து நேராகத் தெரியும். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். காலையில் அம்மா போனை ஒரு சீனிப் பையில் சுற்றி, இடுப்பில், படங்குக்கு உள்ளே செருகிக்கொண்டு மலை ஏறுவார். மேலே போனதும் பாடம் வந்து விழும். சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மகள் போனை வாங்கிப் பார்த்துப் படிப்பாள், கணக்குச் செய்வாள், செய்ததைப் படம் எடுத்து அனுப்பும் பட்டனை அழுத்தி வைப்பாள். மறுநாள் அம்மா மலைக்குப் போனதும் அது எனக்கு வந்து சேரும். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் அம்மா தன் குரலில் ஒரு செய்தி போடுவார்: "சேர், கணக்கு ஏறிருச்சுங்களா?"

முதலில் நானும் மடத்தனம்தான் செய்தேன். யாரோ சொன்னார்களென்று பன்னிரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்பினேன். மூன்று நாளாகியும் அது இறங்கவில்லை, பிள்ளையின் டேட்டாவைத்தான் தின்று தீர்த்தது. பிறகுதான் புத்தி வந்தது. கணக்கை வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுதுவேன், படம் எடுப்பேன், அளவைக் குறைத்து அனுப்புவேன். ஒரு படத்துக்கு ஒரு கணக்கு. கூடவே குரல் செய்தி, இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடையாது. "இப்போது மூன்றாவது வரியைப் பார்" என்று விரல் வைத்துக் காட்டுவது போலப் பேசுவேன். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுவேன், இல்லாவிட்டால் ஏழாவது முதலில் இறங்கிப் பிள்ளை குழம்பிப் போவாள். பென்சிலால் எழுதாதே, நீலப் பேனாவால் எழுது, வாசல்படியில் வெளிச்சத்தில் வைத்துப் படமெடு என்று அவளுக்கும் சொன்னேன். பயிற்சிகளில் காட்டுகிற அப்ளிகேஷன் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஒரு வாரத்தில் அவளுடைய நோய் பிடிபட்டது. அடைப்பை அவிழ்க்கும்போது கழித்தல் குறியைத் தொலைத்துவிடுகிறாள், ஒவ்வொரு தடவையும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் இது என் கண்ணில் பட்டதேயில்லை. அந்த ஒன்றைத் திருத்தியதும் பாதிக் கணக்கு சரியாக வரத் தொடங்கியது. பிறகு சமன்பாடு, பிறகு முக்கோணம். இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது பழைய வினாத்தாள் ஒன்றில் பாஸ் புள்ளிக்கு மேலேயே வாங்கினாள். அன்று அம்மாவின் குரல் செய்தியில் பின்னால் மற்றப் பெண்கள் கூவிச் சிரிப்பது கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹட்டனில் அந்தப் பயிற்சி வந்தது. 'வகுப்பறையில் டிஜிட்டல்' என்று பேனர். இரண்டு நாள், மத்தியானச் சாப்பாடு, கையெழுத்து, ஒரு ஃபைல், ஒரு பேனா. ஓன்லைனில் வினாவிடைப் போட்டி நடத்துவது எப்படி என்று காட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு போனில் பதில் அழுத்துவார்களாம், யார் முதலிடம் என்று திரையில் உடனே வருமாம். எனக்கு வாயில் நல்லா வந்தது. ஆளுக்கொரு போன்! என் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கொப்பி இல்லை ஐயா! பக்கத்தில் இருந்த கொத்மலைப் பக்கத்து டீச்சர் என் கையைக் கிள்ளினார்: "சும்மா இருங்க சேர், சாப்பாடு வரப்போகுது."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

பயிற்சி நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆலோசகர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், நன்றாகப் படித்தவர், மரியாதையாகப் பேசுவார். இரண்டாம் நாள் பின்னேரம், "உங்கட பள்ளிக்கூடங்களில நீங்கள் செய்து பார்த்த ஒரு ஐடியாவைச் சொல்லுங்கோ" என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லையே! எழுந்து நின்று ஐந்தாம் நம்பர் மலையைப் பற்றிச் சொன்னேன். சீனிப் பை, படங்கு, பத்து மணித் தேத்தண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் வினாவிடைப் போட்டியைத் தூக்கி ஓரமாக வையுங்கள் என்று காட்ட வேண்டும் எனக்கு. மண்டபம் கைதட்டியது. ஆலோசகர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், இதுதான் நாங்கள் தேடுற விஷயம். அந்த அம்மா போனோட நிக்கிற ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கோ. எங்கட அறிக்கைக்கு."

அந்தச் சனிக்கிழமையே போனேன். டவுனிலிருந்து பஸ், பிறகு நடை. ஐந்தாம் நம்பர் மலை உச்சி வரைக்கும், மழையில், சப்பாத்தெல்லாம் சேறாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்க ஏறினேன். அம்மா கூடையோடு நின்றார். போனைக் கையில் எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். சிரிக்கச் சொன்னேன்.

"சேர், இதனால ஒண்ணும் வம்பு வராதுங்களே?" என்று கேட்டார் அவர்.

"ஒரு வம்பும் வராதும்மா. படிப்பு ஆபீசுக்குத்தானே" என்றேன்.

அறிக்கைக்கு என்று வாங்கிய படம் முகநூலில் ஏறியது. மேலே ஒரு பத்தி முழுக்க வர்ணனை. மலையகத் தாயாம், விரல் நுனியில் உலகமாம், கூடையில் கொழுந்து, கையில் அறிவு, இப்படி என்னென்னவோ. பார்த்தவர்களெல்லாம் இதயம் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் போட்டார்கள். நானும் போட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போட்டேன்.

தோட்டத்துத் தொரைக்கும் முகநூல் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நானே தோட்டத்தில் பிறந்தவன். வேலை நேரத்தில் கையில் போனோடு நிற்கும் ஆளைத் தோட்டம் என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்து ஆலோசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குமா தெரியாது?

திங்கட்கிழமைக் காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் இடத்தில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு மரப்பெட்டியோடு வந்து நின்றாராம். எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும், வேலை முடிந்து வந்துதான் எடுக்கலாம். படத்தில் இருந்த அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் போடவில்லை. வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவரைக் கீழே, ஆற்றோரத்து மலைக்கு மாற்றினார்கள். மற்றப் பெண்கள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமியாரைப் பற்றிக் கேட்கவும், கொழும்பில் இருக்கும் பிள்ளையோடு பேசவும் அவர்களுக்கும் அந்த மலை ஒன்றுதானே இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆலோசகருக்கு போன் போட்டேன். படத்தை எடுங்கள் என்றேன்.

"அதை இனி எடுக்கேலாது சேர். மேலிடத்தில எல்லாரும் பார்த்திட்டினம். நல்லாப் போய்க்கொண்டிருக்கு."

"அந்த அம்மாவுக்கு வேலையில பிரச்சினை வந்துருச்சு சேர். பிள்ளையோட படிப்பு நின்னு போச்சு."

"ஐயோ, அப்பிடியோ? அது தோட்டத்தோட விஷயமெல்லோ. நாங்கள் அதுக்குள்ள போகேலாது."

போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் என் வேலையே போயிருக்கும். தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். சின்ன தொரை கதிரை கொடுத்து உட்கார வைத்து, கொழுந்தெடுக்கும்போது போன் பார்த்தால் சறுக்கி விழுந்துவிடுவார்கள், அதற்காகத்தான் என்றார். அத்தனை அக்கறையாம்! அட்டைக்கும் குளவிக்கும் இல்லாத அக்கறை போனைக் கண்டதும் வந்துவிட்டது! மேசையில் ஓங்கிக் குத்திவிட்டு வந்தேன்.

பிறகு எழுத ஆரம்பித்தேன். கல்வி ஆபீசுக்கு எழுதினேன். தொழிற்சங்கத்துக்கு எழுதினேன். அமைச்சில் தெரிந்த ஒருவருக்கு எழுதினேன். பதில் வராதபோது நினைவூட்டி எழுதினேன். பத்திரிகைக்கு நீண்ட கட்டுரை எழுதினேன், அவர்கள் பாதியாக வெட்டிப் போட்டார்கள், வெட்டியதைக் கண்டித்து இன்னொன்று எழுதினேன். மூன்று மாதம் இதே வேலை. ஆசிரியர் அறையில் நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போவார்கள். விடுவேனா? ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி எடுத்து ஃபைலில் போட்டேன்.

பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. அந்த லயத்திலிருந்து வரும் ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியிடம் வினாத்தாள்கள் கொடுத்தனுப்பினேன். செய்த கொப்பி இரண்டு தடவை வந்தது, திருத்தி அனுப்பினேன். மூன்றாம் தடவை வந்த கொப்பி என் மேசையில் பத்து நாள் கிடந்தது. நான் அப்போது பத்திரிகைக் கட்டுரையில் இருந்தேன். நான்காம் தடவை கொப்பி வரவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது, தானே படிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை எழுதினாள். முடிவு வந்த அன்று அவளுடைய சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தேன். கணக்குக்கு நேரே 'டபிள்யூ' என்று இருந்தது. ஃபெயில்.

அன்று எனக்கு வந்த கோபம் இதுவரை வந்ததேயில்லை. அந்த அம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும், நான் யார் யாரோடெல்லாம் சண்டை போட்டேன் என்று காட்டியே ஆக வேண்டும் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டதும் இறங்கினேன். முதல் தடவையாக அந்த லயத்துக்குப் போகிறேன். பாதை தெரியாமல் இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒரு சேர் லயத்துப் பக்கம் வருகிறார் என்றதும் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எங்கள் பக்கம் சேர்மார் லயத்துக்கு இறங்குகிற வழக்கமில்லை.

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மகள் எங்கே என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம அவங்கப்பா கூட்டிட்டுப் போய்ட்டாருங்க. ரிசல்ட்டு வர வரைக்கும் கூடக் கடையில காத்திருக்க மாட்டாங்களாம்."

நான் ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு கடிதமாக எடுத்து வாசித்துக் காட்டினேன். இது கல்வி ஆபீசுக்கு, இது சங்கத்துக்கு, இது பேப்பரில் வந்தது, பாருங்கள், உங்கள் விஷயம்தான். தொரையை விட மாட்டேன் என்றேன். ஆலோசகரை விட மாட்டேன் என்றேன். என் குரல் அந்தச் சின்னக் காம்பராவில் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"கோவப்படாதீங்க சேர். பெரிய பெரிய எடத்துக்கெல்லாம் எழுதியிருக்கீங்க. எங்களுக்காக யாரு இவ்வளவு செய்வாங்க? ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போட்டோ எடுக்க அன்னைக்கு அஞ்சாம் நம்பர் மல உச்சி வரைக்கும் மழையில ஏறி வந்தீங்களே. எங்க லயம் அதுல பாதி தூரங்கூட இல்லீங்க. பரீட்சைக்கு முந்தின அந்த மூணு மாசத்துல வாரத்துக்கு ஒரு நா எறங்கி வந்து அந்தப் புள்ள பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்திருக்கலாங்களே. எம் புள்ள தெனமும் பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு இந்த லயத்து வாசல்ல வந்து நிப்பா சேர். நீங்க வருவீங்கன்னு அவளா நெனச்சுக்கிட்டா."

பஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்தரைக்கு இன்னொரு பஸ் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபைலை மூடினேன். வருகிறேன் என்று சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

வந்த பாதையில் எங்கும் நிற்காமல் ஏறினேன். லயத்து வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வர இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது.